ஜெராக்ஸ் தங்கச்சி

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடைக்குப் போகும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்குப் பத்து, பதினொன்று இருக்கும். சின்னவளுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் ஒரே டிரஸ். அதே மாம்பழ மஞ்சள், அதே பஃப் கை, கழுத்தைச் சுற்றி அதே கல், இடுப்பில் அதே பெரிய பூ. சின்னவள் தரையில் புரளும் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். பெரியவள் அக்குள் பக்கம் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டே நின்றாள்.

பின்னால் நின்ற ஓர் அம்மாள் சின்னவளின் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இந்தக் கலர் சின்னதுக்குத்தான் பளிச்சுனு எடுக்குது. பெரியவ கொஞ்சம் மாநிறம் பாருங்க, அதான் அடங்கிப் போச்சு."

குழந்தைகளின் அம்மா சிரித்தார். என்ன செய்வார் பாவம். பெரியவள் குனிந்து தன் பாவாடையை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் தங்கையின் பாவாடையைப் பார்த்தாள். வரிசை நகர்ந்தது. நாங்களும் கவர் கொடுத்து, போட்டோ எடுத்து, சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் அவர் வாயில் அந்த வாக்கியத்தை ஊட்டி விட்டது யார்? அக்காவுக்கும் தங்கைக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே டிரஸ் வாங்குகிற, தைக்கக் கொடுக்கிற நீங்கள்தான். ஆகவே இந்த வாரம் சண்டை உங்களோடு.

கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். துணி ஒன்று, நிறம் ஒன்று, கழுத்து ஒன்று, கை ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் மிச்சம் இருக்கிற வித்தியாசம் எது? குழந்தைதான். பார்க்கிறவர் கண் வேறு எங்கே போகும்? இவள் சிவப்பு, அவள் கறுப்பு. இவள் ஒல்லி, அவள் பூசினாற்போல். ஆறு வித்தியாசம் கண்டுபிடி போட்டிக்கு நீங்களே படம் போட்டுக் கொடுத்துவிட்டு, 'ஏங்க ஜனங்க இப்படிக் கம்பேர் பண்றாங்க' என்று அலுத்துக்கொண்டால் எப்படி?

என் கதையைச் சொல்கிறேன். நான் இரண்டாவது பெண். அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வயது இடைவெளி. 1978 தீபாவளிக்கு அப்பா ஒரே பீஸில் ரோஸ் கலர் துணி எடுத்து வந்தார். அப்போது மதுரையில் தைக்கக் கொடுப்பதென்றால் புதுமண்டபம்தான். அந்தக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின் ஓடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. (அந்தக் கடைகள் இப்போது அங்கே இல்லை. மண்டபத்துக்கு நல்லதுதான். எனக்குத்தான் வருத்தம்.) "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி" என்று அப்பா சொன்னார். தையல்காரர் தலையாட்டினார். வட்டக் காலர், முன்பக்கம் லேஸ், முட்டிக்குக் கீழே வரும் ஃப்ராக்.

அந்த வருஷம் அதை நான் போட்டேன். அடுத்த வருஷமும் போட்டேன். அது சின்னதாகிப் போனபோது, பெட்டியைத் திறந்து அம்மா அக்காவுடையதை எடுத்தார். அதே ரோஸ், அதே வட்டக் காலர். அதையும் மூன்று வருஷம் போட்டேன். ஆக மொத்தம், ஏழு வயதில் போட ஆரம்பித்த ஃப்ராக்கைப் பன்னிரண்டு வயதில்தான் கழற்றினேன். தெருவில் எல்லாருக்கும் என்னை அந்த ரோஸை வைத்துத்தான் அடையாளம். இரண்டாவதாகப் பிறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு தரம் தலையாட்டுங்கள், போதும்.

இது என் பக்கத்து வழக்கு. ரொம்ப வருஷம் நான் மட்டும்தான் பாதிக்கப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்: "உனக்கு என்னடி, ஏழு வயசு, வட்டக் காலர் அழகாத்தான் இருந்துச்சு. எனக்கு அப்போ பன்னெண்டு. கிளாஸ்ல பாதிப் பேர் தாவணி போட்டாச்சு. நான் லேஸ் வச்ச பாப்பா சட்டைல போய் நின்னேன். தீபாவளி அன்னிக்கு வெளியிலயே வரலை, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. நான் வெடி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே டிரஸ் என்று முடிவெடுத்தால் யாராவது ஒருத்தி வயசைத் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, பெரியவளைக் கீழே இழுக்கிறோம். இல்லாவிட்டால் சின்னவளை மேலே தள்ளுகிறோம். அந்தக் காலத்தில் இழுத்தோம். இப்போது தள்ளுகிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆஃப் ஷோல்டரும், முதுகில் நாடாவும், நடக்க முடியாத கேன்கேன் பாவாடையும் எங்கிருந்து வந்தன? பத்து வயது அக்காவுக்கு எடுத்ததைச் சின்ன சைஸில் எடுத்ததால் வந்தன.

இதில் உடம்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. தைக்கிறவர்களுக்குத் தெரியும், துணி எடுக்கிறவர்களுக்குத் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், அதுதான் அழகு. மார்புக்கு மேலே ஒரு யோக் வைத்து அங்கிருந்து சுருக்கி விட்டால் குழந்தை பாட்டுக்கு ஓடும், குனியும், தரையில் உட்காரும். பத்துப் பன்னிரண்டில் தோள் விரிகிறது, இடுப்பு தெரிய ஆரம்பிக்கிறது, கை நீள்கிறது. யோக்கிலிருந்து சுருக்கிய அதே சட்டை அவளுக்குக் கூடாரம். அவளுக்கு வேண்டியது இடுப்பில் ஒரு தையல், அல்லது பக்கவாட்டில் லேசாக ஒரு வளைவு. சின்ன சட்டையை எல்லாப் பக்கமும் ரெண்டு இஞ்ச் கூட்டினால் பெரிய சட்டை ஆகாது. நம் ஊரில் பாதித் தையல் அப்படித்தான் நடக்கிறது. அளவுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு, "இதைவிடக் கொஞ்சம் பெரிசா" என்போம். கொஞ்சம் என்றால் எங்கே கொஞ்சம்?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டில் பதில் சொல்லி, கவரில் போட்டு, காசுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். எப்போதிலிருந்து? 1863-லிருந்து. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்று ஒரு தையல்காரர். அதற்கு முன்னாலும் காகித மாதிரிகள் இருந்தன, ஆனால் ஒரே அளவில். உங்கள் அளவுக்கு நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு உடுப்பு தைக்க உட்கார்ந்த அவர் மனைவி எலன், அளவு அளவாக மாதிரி கிடைத்தால் எவ்வளவு சுலபம் என்று சொன்னாராம். அங்கிருந்துதான் ஒரே உடுப்புக்குப் பல சைஸில் காகித மாதிரி என்ற வியாபாரம் பிறந்தது. அப்புறம் மெக்கால்ஸ், வோக், சிம்ப்ளிசிட்டி, ஜெர்மனியின் பர்தா என்று பல பேர் வந்தார்கள். நம் தையல் வகுப்புகளில் பிரவுன் ஷீட்டில் பேப்பர் கட்டிங் போடச் சொல்வார்களே, அதே சமாச்சாரம்தான். யாரோ உங்களுக்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் மகள் ஒரு தரம் ஊருக்கு வந்தபோது எனக்கு இப்படி ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தாள். சிறுமிகள் ஃப்ராக். கவர் மேலே நாலு படம், ஏ, பி, சி, டி என்று. நாலும் ஒரே உடுப்பின் நாலு ரூபம். ஒன்றுக்குக் காலர், ஒன்றுக்கு வெறும் கழுத்து. ஒன்றுக்குப் பஃப் கை, ஒன்றுக்குக் கையே இல்லை. ஒன்றில் அடியில் ஃப்ரில், ஒன்றில் பாக்கெட். பார்த்தால் நாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிகிறது. எதுவும் எதற்கும் ஜெராக்ஸ் இல்லை. கவரைப் பிரித்தபோது எனக்கு ரோஸ் ஃப்ராக் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் காட்ட அவர் இல்லை.

பின்பக்கம் இருந்த அளவு அட்டவணையை நீங்கள் பார்க்க வேண்டும். 4-ம் சைஸுக்கு மார்பு 23 இஞ்ச், இடுப்பு 21. 12-ம் சைஸுக்கு மார்பு 30, இடுப்பு 25½. அதாவது சின்னவளுக்கு மார்புக்கும் இடுப்புக்கும் வித்தியாசம் வெறும் 2 இஞ்ச், பெரியவளுக்கு 4½. மார்பு 7 இஞ்ச் வளர்கிற நேரத்தில் இடுப்பு நாலரைதான் வளர்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூட்டக்கூடாது என்று நான் மேலே புலம்பினேனே, அதற்கு ஆதாரம் இதுதான். அதனால்தான் 3 முதல் 6 வரை ஒரு கவர், 7 முதல் 14 வரை இன்னொரு கவர் என்று பெரும்பாலும் பிரித்து விற்கிறார்கள். உங்கள் பெண்கள் ஐந்தும் பத்துமாக இருந்தால் இரண்டு கவர் வாங்க வேண்டி வரும். அழாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. கவரில் 8 என்று போட்டிருந்தால் எட்டு வயது என்று அர்த்தம் இல்லை. ரெடிமேட் கடை சைஸும் அது இல்லை. டேப் எடுத்து மார்பை அளந்து பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் பல பேர் உயரத்துக்குப் பத்து, மார்புக்கு ஏழு. அப்படியானால் அகலம் 7-ல் வெட்டி, நீளம் 10-க்கு விட வேண்டும். இணையத்தில் பிடிஎஃப்-ஆக வாங்கி வீட்டிலேயே பிரிண்ட் போட்டு ஒட்டுகிறவர்கள், அதில் அளவு பார்க்க ஒரு கட்டம் போட்டிருப்பார்கள், அதை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத் துணியில் கத்தரி வையுங்கள். பிரிண்டர் மூன்று சதவீதம் சுருக்கிவிட்டால் 27 இஞ்ச் மார்பில் முக்கால் இஞ்ச் காணாமல் போகும். பெரியவள் மறுபடி அக்குளைத் தளர்த்திக்கொண்டு நிற்பாள்.

இன்னொன்று. அமெரிக்கக் கவர்களில் தையலுக்கு உள்ளே விடும் துணி ஐந்தே எட்டில் இஞ்ச்தான், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். நம் அம்மாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வளர்கிற பிள்ளைக்கு அரை இஞ்ச் விட்டுத் தைக்கிறவளும் ஒரு தாயா? பக்கத்துத் தையலில் ஒரு இஞ்ச், பாவாடை அடியில் இரண்டு டக், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விட. இதை விட்டுவிடாதீர்கள். காகிதம் வெளிநாட்டுக்காரர் போட்டதாக இருக்கட்டும், டக் நம்முடையதாக இருக்கட்டும்.

ஒற்றுமைக்குத்தானே ஒரே டிரஸ் போடுகிறோம், இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் (1965) பார்த்திருப்பீர்கள். ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே யூனிஃபார்ம் மாட்டி, விசில் ஊதி வரிசையில் நிற்க வைப்பார் அப்பா. யாருக்கும் யார் மேலும் ஒட்டுதல் வந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த மரியா, ஜன்னல் திரையைக் கிழித்து உடுப்பு தைக்கிறாள். எல்லாருக்கும் அதே திரைத்துணிதான். ஆனால் ஒவ்வொருத்தருக்கும் வயசுக்கு ஏற்றபடி வேறு வேறு தினுசு. மரத்தில் ஏறுவதும் பாடுவதும் அதைப் போட்டுக்கொண்டுதான். அந்தப் படத்தை ஆளுக்கு நாலு தரம் பார்த்துவிட்டு நாம் காப்பியடித்தது யாரை? விசில் ஊதினவரை.

ராஜ வம்சத்திலும் இந்தக் கூத்து உண்டு. பிரிட்டனில் எலிசபெத்தும் மார்கரெட்டும் சிறுமிகளாக இருந்தபோது எடுத்த படங்களைப் பாருங்கள். நாலு வயது வித்தியாசம், ஆனால் அதே கோட்டு, அதே தொப்பி. 1937-ல் அவர்கள் அப்பாவின் முடிசூட்டு விழாவில் எலிசபெத்துக்கு 11, மார்கரெட்டுக்கு 6. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி லேஸ் கவுன், ஒரே மாதிரி மேலங்கி, தலைக்கு ஒரே மாதிரி குட்டிக் கிரீடம். வருங்கால ராணி ஒருத்திதான் என்பது உலகத்துக்கே தெரியும். உடுப்பு மட்டும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

'சின்னது சண்டை போடுமே, அக்காவுக்கு இருக்கிறது எனக்கு வேணும்னு' என்பது அடுத்த வாதம். போடும். ஃப்ரில் வேண்டும் என்றால் ஃப்ரில் வையுங்கள். கவரைக் கையில் கொடுத்து, ஏ-யா பி-யா என்று அவளையே கேளுங்கள். தானே பொறுக்கி எடுத்ததை விட்டுவிட்டு அடுத்தவளுடையதைப் பிடுங்குகிற குழந்தையை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்காமல் மாட்டிவிட்டதைத்தான் கழற்றி எறிவார்கள்.

'ஒரே பீஸில் எடுத்தால் காசு மிச்சம்.' எடுங்களேன், யார் வேண்டாம் என்றது? ஒரே துணியில் இரண்டு விதமாக வெட்டும்போதும் பெரியவளின் கைக்குழி ஓரத்தில் விழும் துண்டில் சின்னவளின் காலர் வந்துவிடும். வேண்டுமானால் பெரியவளுக்குப் பூப்போட்ட துணியில் உடம்பும் வெறும் துணியில் காலரும், சின்னவளுக்கு அதை மாற்றியும் போடுங்கள். பூ பெரிதாக இருந்தால் சின்னவளின் மார்பில் அரைப் பூதான் விழும். அவளுக்கு வெறும் துணியே அழகு. இப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. அக்காவுக்குச் சின்னதாகிப்போன ஃப்ராக் தங்கையிடம் வரும்போது, அது அவள் இதுவரை போடாத டிரஸ். எனக்கு வந்த மாதிரி அதே ரோஸ் இல்லை. கை மாறுகிற துணியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. அது நல்ல பழக்கம்.

கடைசியாக, நான் ஆரம்பித்த விஷயத்துக்கு வருகிறேன். நிறம். தீபாவளிக்கு முன்னால் ரங்கநாதன் தெருவில் எந்தத் துணிக்கடையிலும் அரை மணி நேரம் நின்று பாருங்கள். இரண்டு பெண்களோடு வந்த அம்மா துணியை முதலில் யார் மேல் வைத்துப் பார்க்கிறார்? யார் சிவப்போ அவள் மேல். 'இவளுக்கு நல்லா எடுக்குது, இதையே ரெண்டு பேருக்கும் போட்டுருங்க' என்று பில் போட்டாகிவிடும். மற்றவள் மேல் அந்தத் துணி வைக்கப்படுவதே இல்லை. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, அவசரத்தில் நடக்கிறது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவளுக்கு மயில் நீலமோ அரக்கோ எடுத்திருந்தால் வரிசையில் நின்ற அந்த அம்மாளுக்குப் பேச விஷயமே இருந்திருக்காது. ஒரே குடும்பத் துணியில் இவளுக்கு அரக்கு, அவளுக்கு மஞ்சள், இரண்டிலும் அதே பார்டர் என்று எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். கூட ஒரு காபி.

எனக்குத் தைக்கத் தெரியாதே என்று கையை விரிக்காதீர்கள். தைக்கத் தெரிந்தவர் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிஷினில் தைத்துப் பிழைக்கிறவர்களும் அதில் உண்டு. அவரிடம் போய் 'ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி' என்ற மந்திரத்தைச் சொல்லாமல், காகிதத்தை விரித்து, இவளுக்கு இது, அவளுக்கு அது என்று சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்பார். கொடுங்கள். இரண்டு தரம் யோசித்து வெட்டுகிறார் இல்லையா?

போன தீபாவளிக்கு நானே உட்கார்ந்தேன். அக்காவின் பேத்திகள், ஒன்பதும் ஐந்தும். சுங்குடித் துணி, அரக்கில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, மஞ்சளில் ஒன்றரை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயப்போட்டு, சுருங்குகிற வரை சுருங்கட்டும் என்று விட்டுத்தான் வெட்டினேன். பெரியவள் கழுத்து மட்டும் போதும், காலர் வேண்டாம், இடுப்பில் மஞ்சள் பட்டி வேண்டும் என்றாள். சின்னவளுக்கு ஃப்ரில், அதுவும் அரக்கில். அப்புறம் பாக்கெட். "எதுக்குடி பாக்கெட்?" என்றேன். "கல்லு வைக்க" என்றாள். வைத்துக் கொடுத்தேன்.

தீபாவளி அன்று காலை ஏழு மணிக்குப் பெரியவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். புது டிரஸ் போட்டிருந்தாள். ஏதோ குறை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நிறமா, பட்டியா, தங்கச்சியுடைய ஃப்ரில்லா என்று நான் பயந்துகொண்டே கேட்டேன்.

"சின்னப் பாட்டி, எனக்கும் பாக்கெட் வேணும். ஆனா அவளுது மாதிரி முன்னாடி வேணாம். சைடுல, யாருக்கும் தெரியாத மாதிரி."

வெட்டின மிச்சத்தில் இரண்டு துண்டு இருந்தது. பக்கத்துத் தையலைப் பிரித்து, எட்டரைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன். உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.